ஆறாம் வகுப்புக்குப் போகும் வழி

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. வாதி நான், பிரதிவாதி என் மகன். வழக்கு, பேத்தி பள்ளிக்கூடம் போவது பற்றி.

ஐந்தாம் வகுப்பு வரை அடுத்த தெருவில் படித்தவள். இனி ஆறாம் வகுப்புக்கு முதலியார்பேட்டையிலிருந்து டவுனுக்குப் போக வேண்டும். "வேன் வச்சிடலாம்பா" என்றான் மகன். "பஸ்ஸில் போகட்டும், நான் வழி பழக்குகிறேன்" என்றேன். "காலம் கெட்டுக் கிடக்குது மாமா" என்றாள் மருமகள். அவள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயம் எனக்கும் உண்டு.

ஆனால் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1961. எனக்குப் பதினோரு வயது. புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டது என்றாலும், சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்டு 16-இல்தான். இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சு முறையிலும் பெரிய பள்ளி தொடங்குவது 'சிக்ஸியேம்', அதாவது ஆறாவதில்தான். ஆனால் அங்கே எண்கள் இறங்கிக்கொண்டே போகும். ஆறு முடித்தால் ஐந்து, ஐந்து முடித்தால் நான்கு. இதைச் சொன்னால் பேத்தி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

அப்பா மில் தொழிலாளி. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூங்காமல் என்னோடு நடந்தார். முதல் நாள் பக்கத்திலேயே வந்து, ஒவ்வொரு முனையிலும் நின்று, "இப்போ எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார். இரண்டாம் நாள் பத்தடி பின்னால் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை.

அன்றைக்குப் பார்த்து கடலூர் சாலையில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போனது. நான் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. முசே என்னை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார். சாயங்காலம் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா திட்டவுமில்லை, பள்ளிக்கு வந்து சண்டை போடவுமில்லை. "சரி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவே?" என்று மட்டும் கேட்டார். யோசித்து, "கால் மணி முன்னாடி" என்றேன். "அப்படியே செய்" என்றார். என் வாழ்க்கையில் நானே போட்ட முதல் திட்டம் அதுதான்.

இதை அனுபவித்த நான் என் மகனுக்கு என்ன செய்தேன்? பன்னிரண்டாம் வகுப்பு வரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டேன். ஆபீஸுக்குப் போகிற வழிதானே என்று ஒரு சமாதானம். அவன் சென்னையில் காலேஜ் சேர்ந்தபோது, ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்குப் போக எந்த பஸ் என்று விசாரித்துச் சொல்லவும் நானே போக வேண்டியிருந்தது. இன்றைக்கு அவன் வேன் கேட்கிறான் என்றால், பழக்கியவன் நான்தான்.

இன்று பல வீடுகளில் இன்னொரு வேடிக்கை. எட்டாம் வகுப்பு வரை தெருவைத் தனியாகக் கடக்க விடாத பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பில் ஸ்கூட்டி சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. நடக்கப் பழக்காமல் ஓட்டக் கொடுப்பது என்ன நியாயம்?

கடைசியில் ஒரு மாதம் பார்ப்போம் என்று மகன் இறங்கி வந்தான். பழைய குமாஸ்தா அல்லவா, நான் உடனே ஒரு ஃபைல் போட்டேன். கிளம்பும் நேரம், பஸ் நிறுத்தம், கேட்டில் காத்திருக்கக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம், இறங்கிய பிறகு எந்த ஓரமாக நடப்பது, எல்லாம் கட்டம் போட்டு எழுதிப் பேத்தியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "இதுல முக்கியமானது இல்லையே தாத்தா" என்றாள். "என்னம்மா?" "யாரோட போவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கேட்டும் பஸ்ஸும் கவலை. அவளுக்கோ ஐந்து வருடம் கூடப் படித்த தோழிகள் ஆளுக்கொரு பள்ளியாகப் பிரிந்துவிட்டார்கள் என்பது கவலை. விசாரித்ததில், இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் அதே பள்ளியில் சேர்ந்திருப்பது தெரிந்தது. அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அதற்குப் பிறகு ஃபைலை அவர்கள் இருவருமே திருத்தி எழுதினார்கள்.

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது. வேலை நாளில், பள்ளி நேரத்திலேயே போக வேண்டும். அப்போதுதான் நெரிசல் தெரியும். திரும்பி வரும் வழியும் பழக வேண்டும். மாலையில் அதே நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருக்கும், பெரியவர்களே அங்கே தடுமாறுகிறோம். பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன, ஐப்பசி மழையில் சாலையில் தண்ணீர் நின்றால் என்ன, யாராவது தொந்தரவு செய்தால் எந்தக் கடைக்குள் போய் நிற்பது என்று நாம் சொல்லக்கூடாது, கேட்க வேண்டும். பதில் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். வீட்டு எண் செல்போனில் இருந்தால் போதாது, மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். தூரம் அதிகம், துணை இல்லை, நடைபாதையே இல்லாத சாலை என்றால் வேன்தான் சரி. ஆனாலும் வழி தெரிந்த பிள்ளை வேனில் போவதும், வழி தெரியாத பிள்ளை வேனில் போவதும் ஒன்றல்ல.

போன வாரம் ஒருநாள் கேட் மூடி, பேத்தி பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம். சாயங்காலம் முகம் வாடி வந்தாள். மகன் என்னைப் பார்த்தான். நான் அவளிடம், "சரி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவே?" என்றேன்.

"நான் அவகிட்ட பேசிட்டேன் தாத்தா. நாளையிலிருந்து அதுக்கு முந்தின பஸ்."

மகன் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. மாதம் முடிய எட்டு நாள் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பேரப்பிள்ளை வீட்டில் இருக்கும் நண்பர்களே, நமக்குத்தான் பகலில் நேரம் இருக்கிறது. ஒரு வேலை நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்புங்கள். பத்தடி பின்னாலேயே நடந்து போங்கள்.