மாடி வீட்டில் எருக்குழி



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில், பிள்ளைகளுள் ஒருவரேனும் மதுரையிலோ சென்னையிலோ குடியேறாத இல்லம் அரிது. எருக்குழியைக் கண்டு வளர்ந்த அவர்களே இன்று கத்தரிக்காய்க் காம்பையும் வாழைத்தோலையும் பாலிதீன் பையில் முடிந்து தெருத்தொட்டியில் எறிகின்றனர். "மூன்றாம் மாடியில் எங்கே சாமி குழி தோண்டுவது?" என்று நம்மிடம் கேட்கின்றனர்.

எறிந்தது எங்கே போகிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரல் இறுதியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. காற்றுப்படாமல் அழுகும் ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன் என்னும் எரிவாயு எழுகிறது. பற்றிய தீக்கு அது நெய் வார்த்தாற்போல. அந்தப் பையை அவிழ்த்துப் பிரிக்கும் துப்புரவுப் பணியாளரின் கைகளையும் எண்ணிப் பார்ப்போமாக.

ஆகவே காற்றே முதல் தேவை. ஆல்பர்ட் ஹோவார்ட் என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி செய்தார். அதுவும் பருத்தி விளையும் கரிசல் பூமியே. செடிகொடிக் கழிவைச் சாணத்தோடும் மண்ணோடும் அடுக்கி, இடையிடையே கிளறி, மூன்றே மாதத்தில் எருவாக்கினார். அதுவே 'இந்தூர் முறை' எனப் பெயர் பெற்றது.

மாடியில் குழிக்குப் பதிலாக, பக்கங்களில் துளையிட்ட மண்பானை போதும். அடியில் தேங்காய் நார் பரப்பி, சமையற்கழிவு ஒரு பங்கு இட்டால், சருகோ கடலைத்தோலோ கிழித்த செய்தித்தாளோ ஒரு பங்கு இடவேண்டும். தொடக்கத்தில் சிறிது சாணக்கரைசலோ புளித்த மோரோ தெளிக்கலாம். வாரம் இருமுறை கிளறவேண்டும். மீன்முள்ளும் எலும்பும் ஆகா. எலியும் பூனையும் தேடி வரும்.

பலர் இரண்டாம் வாரத்திலேயே நாற்றம் தாளாமல் கைவிடுகின்றனர். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். கையால் பிழிந்தால் ஓரிரு துளிக்குமேல் சொட்டலாகாது. சருகு கூட்டிக் கிளறினால் அடங்கிவிடும். புழுக்களைக் கண்டும் அஞ்சவேண்டாம். அவையும் மக்கச் செய்பவையே. இந்த வேலை முழுவதும் மருமகள் தலையில் விழும் வீட்டில் பானை நீடிப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறோம். கிளறும் பொறுப்பை ஆண்கள் ஏற்கட்டும்!

ஒரு பானை நிறைந்ததும் அதை மூடிவைத்து, மற்றொன்றில் தொடங்குக. மூடியதை அவ்வப்போது கிளறி, உலர்ந்திருந்தால் நீர் தெளித்து வருக. இரண்டு மூன்று மாதத்தில் உள்ளிருப்பது கறுத்து உதிர்ந்து, மழை நனைத்த கரிசலின் வாசம் வீசினால், அதைச் செடிக்கு இடலாம்.