ஆற்றுணாவும் அடுக்கும் முறையும்

மலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சமையலறையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கேலி பேசுவது படித்தவர்களான நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கோடை விடுமுறையில் ஊட்டிக்கு ஏறும் வேன்களில் அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா, எண்ணெய்த் தூக்கு எல்லாம் இருப்பது உண்மையே. சீசன் காலத்து ஓட்டல் விலைக்கு இருபது பேர் கொண்ட ஒரு கூட்டுக் குடும்பம் மூன்று வேளை உண்பது அரிது என்பதும் உண்மையே. ஆகவே வண்டிச் சமையலை நாம் குறைகூறப் போவதில்லை. அது எண்ணி எடுக்கப்படுவதில்லை, முறையாக அடுக்கப்படுவதில்லை என்பதே நம் குறை.

வழியுணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணரின் உப்பு வண்டி, குடும்பமும் உணவும் ஒன்றாகப் பயணம் செய்த வண்டிதான். அதில் காடிக் கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டுத் தொங்குகிறது. அந்தக் கட்டுக்கு, ஆடுகளத்து இசைக்கருவியின் இறுகிய வார்க்கட்டைப் புலவர் உவமையாக்குகிறார். மேடுபள்ளத்தில் உருளாத பாத்திரமே வழிக்கு உதவும் என்பதை உமணர் அறிந்திருந்தனர். நம் வேன்காரர்கள் அதை மறந்துவிட்டனர் எனலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையிலோ 36. வளைவுதோறும் பாரம் ஒருபக்கமாகச் சாயும். அரிசி, குக்கர், தண்ணீர்க் கேன் ஆகியவற்றை வண்டியின் தரையில், சக்கரங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் வைப்பதே முறை. கூரைமேல் ஏற்றிய மூட்டை வண்டியின் நிலைத்தன்மையையே கெடுக்கும். பாத்திரங்களுக்கு இடையே பழைய போர்வையைச் செருகிவிட்டால் அவை நகரா. அஞ்சறைப் பெட்டி வீட்டில் அருமையான அமைப்பு. ஆனால் அதன் கிண்ணங்களுக்குத் தனி மூடி இல்லாததால் பர்லியாறு தாண்டுவதற்குள் மஞ்சளும் மிளகாயும் கடுகும் ஒன்றாகிவிடும். திருகுமூடியுள்ள சிறு டப்பாக்களே வண்டிக்கு ஏற்றவை. முதலில் தேவைப்படுவது கடைசியில் அடுக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. அடைத்த பொட்டலங்கள் உப்புவதும், இறுக மூடிய தூக்கைத் திறக்கையில் எண்ணெய் கசிவதும் இதனால்தான். தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக மறுப்பது பருப்பின் குற்றமன்று. ஒரு குக்கர் இருந்தால் இரண்டு அண்டாக்களைக் கீழேயே விட்டுவிடலாம். எரிபொருளும் மிஞ்சும். ஈரக் காற்றில் உப்பும் சர்க்கரையும் கட்டிபடும் என்பதால் அவற்றைப் பொட்டலமாக விடாமல் டப்பாவில் அடைத்தல் நலம்.

இனி, நாம் அதிகம் கவலைப்பட வேண்டிய இரண்டு செய்திகள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை வந்தது. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. எனினும் சாலையோரச் சமையலுக்குப் பின் எஞ்சும் உறைகளையும் சோற்றையும் குரங்குகள் கிளறுவதைக் கல்லாறு வழியில் யாரும் காணலாம். சாமானை டப்பாவில் ஏற்றி வந்தால் எறிவதற்கு உறையே இராது. காலி டப்பா தானாகவே ஊர் திரும்பும். சரியாக அடுக்கப்பட்ட சரக்கறை பாதிக் குப்பையைப் பிறக்குமுன்பே ஒழித்துவிடுகிறது.

மற்றொன்று நெருப்பு. 2023 ஆகஸ்ட் 26 அன்று, லக்னோவிலிருந்து யாத்திரிகர்களுடன் வந்து மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த தனிச் சுற்றுலா ரயில்பெட்டி தீப்பற்றி 9 பேர் இறந்தனர். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் சமைத்ததே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. அந்த யாத்திரிகர்களும் நம் வேன் குடும்பங்களைப் போலச் சொந்தச் சமையலை நம்பி வந்தவர்களே. மனிதர் அடைத்து உட்காரும் வண்டிக்குள், இருக்கைக்கு அடியில் உருட்டிவிட்ட உருளையோடு மலை ஏறுவதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது. காப்புக் காட்டின் ஓரத்தில் விறகு மூட்டுவதும் இதற்கு மாற்றாகாது. அது சட்டப்படி குற்றம்.

எனில் ஏழைக் குடும்பம் என்ன செய்வது? ஏறும் நாளுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கீழேயே கட்டிக்கொள்ளலாம். கேரட், உருளை, கோஸ் ஆகியவை மலையிலேயே விளைவதால் சுமந்து வரத் தேவையில்லை. அடுப்புக்கு இடம் தரும் விடுதிகளும் உண்டு. ஆனால் அவை போதா. வண்டி நிறுத்துமிடங்களில் கூரையும் தண்ணீர்க் குழாயும் உள்ள பொதுச் சமையல் கூடங்களை அமைப்பது அரசின் கடமை என்றே கருதுகிறோம். 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவந்து வண்டிகளை எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அவற்றில் வருவோரின் பசியையும் எண்ணத் தெரிய வேண்டும். அதுவரை, எதை ஏற்றுவது, எதை இறக்கிவைப்பது என்னும் முடிவு நம் கையில்தான் இருக்கிறது.