அடித்தல் திருத்தலும் 'இதர நபர்களும்'

ஜூலை மாதம் பிறந்தால் போதும், நம் ஊரிலும் சிலருக்கு அமெரிக்க பக்தி வந்துவிடுகிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருப்பது ஒரு காரணம். "எல்லா மனிதரும் சமம் என்று 1776-லேயே அரசியல் சாசனம் எழுதிய நாடு" என்று ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. ஒரே வரியில் இரண்டு பிழை. 1776-ல் எழுதியது அரசியல் சாசனம் அல்ல. பிறகு எழுதிய அரசியல் சாசனத்தில் எல்லா மனிதரும் சமம் என்ற வாசகம் கிடையாது.

எதிர்த் தரப்பும் இருக்கிறது. "அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதிய காகிதம்தானே, குப்பையில் போடு" என்பார்கள். இவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டிப் பிழைத்தவன் நான். காகிதத்தைக் கும்பிடுகிறவனும் சரி, கிழிக்கிறவனும் சரி, இரண்டு பேருமே அதைப் படிப்பதில்லை என்பது என் அனுபவம்.

முதலில் கோப்பை வரிசைப்படுத்துவோம். 1776 ஜூலை 2 அன்று பிரிந்து போவதென்று தீர்மானம். ஜூலை 4 அன்று பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் கையொப்பமிட்டது ஆகஸ்ட் 2 அன்று. இது சட்டம் அல்ல. இங்கிலாந்து அரசர்மீது குற்றப்பட்டியல் வாசித்து உலகத்துக்குக் கொடுத்த அறிவிப்பு. அடுத்தது கூட்டமைப்பு ஷரத்துகள்: 1777 நவம்பர் 15-ல் காங்கிரஸ் ஏற்றது, பதின்மூன்று மாநிலங்களும் ஒப்புக்கொண்டு அமலுக்கு வர 1781 மார்ச் 1 ஆயிற்று. மத்தியில் வரி போட அதிகாரம் இல்லை. ஒரு ஷரத்தைத் திருத்தவும் பதின்மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். அது ஓடவில்லை. ஆகவே பிலடெல்பியாவில் கூடி, 1787 செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையொப்பமிட்டதுதான் அரசியல் சாசனம். உரிமைகளைச் சொல்லும் முதல் பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15-ல் வந்தன. 1789-ல் அனுப்பியவை பன்னிரண்டு. மீதி இரண்டில் ஒன்று 202 ஆண்டுகள் நிலுவையில் கிடந்து 1992-ல் நிறைவேறியது. நம் அலுவலகக் கோப்புகளை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம்!

புதுச்சேரிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. 1778 பிப்ரவரி 6 அன்று பாரிசில் பிராங்க்ளினும் அவர் சகாக்களும் பிரான்சோடு நட்பு ஒப்பந்தம் போட்டார்கள். அதனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மூண்ட போரில் ஆங்கிலேயர் அதே ஆண்டு நம் ஊரை முற்றுகையிட்டார்கள். கவர்னர் பெல்கோம்ப் அக்டோபரில் சரணடைந்தார். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் வெட்டிக்கொண்டு சாகும்போது, ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. செய்தி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆனது. பிறகு 1783 செப்டம்பர் 3. பாரிசில் அமெரிக்காவின் சுதந்திரத்தை இங்கிலாந்து ஏற்ற உடன்படிக்கை. அதே நாளில் வெர்சாயில் பிரான்சோடு இன்னொரு உடன்படிக்கை. அந்த இரண்டாவதின்படிதான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஆகவே அந்தக் காகிதக் கட்டில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

பிரகடனத்தைத் தோலில் அழகாக எழுதியவர் திமோத்தி மாட்லாக் என்ற குமாஸ்தா. அரசியல் சாசனத்தை எழுதியவர் ஜேகப் ஷாலஸ், பென்சில்வேனியா சட்டசபையின் உதவிக் குமாஸ்தா; கூலி 30 டாலர். நம் ஜாதிக்காரர்கள், அதாவது எழுத்தர் ஜாதி. ஷாலஸ் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசிப் பக்கத்தில், கையொப்பங்களுக்குப் பக்கத்தில், எந்தெந்த வரிகளுக்கு நடுவே எந்தச் சொல் இடைச்செருகலாக எழுதப்பட்டது, எந்தச் சொல் சுரண்டி எடுத்த இடத்தின்மேல் எழுதப்பட்டது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்குச் செயலாளரின் அத்தாட்சிக் கையொப்பமும் உண்டு. நம் ஊர் நொத்தேர் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பத்திரத்தின் கடைசியில் 'இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாது' என்று எண்ணி எழுதினால்தான் பிரெஞ்சு நொத்தேர் ஒப்பமிடுவார்.

இத்தனை ஒழுங்கு! விட்டுப்போன ஒரு சின்னச் சொல்லுக்குக்கூடக் கணக்கு வைத்த அந்தத் தாளில், ஒரு சொல் மட்டும் எங்கும் இல்லை. 'அடிமை' என்ற சொல்.

அடிமைகள் இல்லை என்பதாலா? 1790-ல் எடுத்த முதல் குடிக்கணக்கில் மொத்தம் ஏறத்தாழ 39 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் அடிமைகள். சாசனத்தில் அவர்களைப் பற்றி மூன்று ஷரத்துகளும் உண்டு. ஒன்று, பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட, சுதந்திரமானவர்களோடு 'இதர எல்லா நபர்களில்' ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க வேண்டும். இரண்டு, மாநிலங்கள் அனுமதிக்க விரும்பும் 'அத்தகைய நபர்களின்' வருகையையோ இறக்குமதியையோ 1808-க்கு முன் காங்கிரஸ் தடுக்கக் கூடாது. தலைக்குப் பத்து டாலர்வரை வரி போடலாம். மூன்று, ஒரு மாநிலத்தில் 'சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்' வேறு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால் பிடித்து ஒப்படைக்க வேண்டும்.

இதர நபர், அத்தகைய நபர், கட்டுப்பட்ட நபர். நபர் என்கிறார்கள், அடுத்த மூச்சில் இறக்குமதி என்கிறார்கள். வரி போட வேண்டியிருப்பதால் சரக்கு. இடங்களை எண்ண வேண்டியிருப்பதால் மனிதன்.

ஐந்தில் மூன்று என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அடிமையை முக்கால் மனிதனுக்கும் குறைவாக மதித்தார்கள் என்று வருத்தப்படுகிறார்கள். உண்மை இன்னும் மோசம். முழுசாக எண்ண வேண்டும் என்று கேட்டது தெற்கத்திய எஜமானர்கள். எண்ணவே கூடாது என்றது வடக்கத்தியர். ஏனென்றால் எண்ணிக்கை கூடக்கூட எஜமானனுக்குத்தான் சபையில் இடம் கூடும். அடிமைக்குக் கிடைத்தது பூஜ்யம்.

இது கவனக்குறைவு அல்ல. மனிதரில் சொத்துரிமை உண்டு என்ற எண்ணத்தைச் சாசனத்தில் ஏற்பது தவறு என்று மாடிசன் அந்த மாநாட்டில் பேசியதை அவரே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். மேரிலாந்தின் லூதர் மார்ட்டின் கையொப்பமிடாமல் வெளியேறி, ஊருக்குத் திரும்பி உடைத்துச் சொன்னார்: காதுக்குக் கசக்கும் சொற்களைத்தான் தவிர்த்தார்களே ஒழிய, அந்தச் சொற்கள் குறிக்கும் காரியத்தை ஏற்க அவர்கள் தயங்கவில்லை என்று. 1776-லும் இதுதான் நடந்தது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பத்தியைக் காங்கிரஸ் அடித்துவிட்டது. தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இணங்கி அடித்தார்கள், வடக்கத்திய சகோதரர்களுக்கும் மனசு உறுத்தியது என்று அவரே பின்னாளில் எழுதினார். அவரும் யோக்கியர் அல்ல. வாழ்நாள் முழுக்க அடிமைகள் வைத்திருந்தவர்தான்.

"சமரசம் செய்யாவிட்டால் நாடே உருவாகியிருக்காது" என்பது பக்தர்களின் பதில். இருக்கட்டும். சமரசம் வேறு, சொல்லை ஒளிப்பது வேறு. பதினான்காம் லூயி 1685-ல் போட்ட 'கோத் நுவார்' சட்டம் கொடூரமானது. ஆனால் அது 'எஸ்க்லாவ்', அடிமை, என்று வெளிப்படையாக எழுதியது. 1794-ல் பாரிசில் அடிமைமுறையை ஒழித்தபோதும் அந்தச் சொல்லை எழுதித்தான் ஒழித்தார்கள். 1802-ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். 1848-ல் மறுபடி ஒழித்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பாசத்தில் அவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பாவம் ஒன்றுதான். பாவத்துக்குப் பெயர் இருந்தால் எதிர்த்து மனு எழுதலாம் என்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1980-களில் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் அம்மாள்களுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. துடைப்பம், பினாயில், சாக்பீஸ் வாங்கும் சில்லறைச் செலவினத்தில் 'இதர செலவு' என்று வவுச்சர் போட்டுக் கூலி கொடுப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஒரு அம்மாள் நிரந்தரம் கேட்டு மனு கொடுத்தார். 'மனுதாரர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் காணப்படவில்லை' என்று ஒரே வரியில் கோப்பு திரும்பியது. யாரும் பொய் எழுதவில்லை. பெயர் இல்லைதான். இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எழுதிய சொல் என்ன செய்யும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சாட்சி உண்டு. ஜான் ஆடம்ஸ் வரைந்த மாசசூசெட்ஸ் மாநிலச் சாசனம், 1780. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் ஷரத்து சொல்கிறது. அங்கே ஆஷ்லி என்பவர் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த வாசகம் காதில் விழ, செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போனார். 1781-ல் ஜூரி அவருக்கு விடுதலையும் 30 ஷில்லிங் நஷ்டஈடும் கொடுத்தது. அதன் பின் தமக்கு எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1783-ல் குவாக் வாக்கர் வழக்கில் தலைமை நீதிபதி குஷிங்கும் அதே ஷரத்தைத்தான் பிடித்தார். 1790 குடிக்கணக்கில் மாசசூசெட்சில் அடிமைகள் எண்ணிக்கை சுழியம். எழுதியவர்கள் இதற்காகத்தான் எழுதினார்களோ இல்லையோ, காகிதத்தில் இருந்தது. ஒரு பெண் அதைக் கேட்டு வாங்கினாள்.

எழுதிவிட்டால் போதுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. போதாது. 1787 ஜூலை 13-ன் வடமேற்குப் பிரதேசச் சட்டம், செவ்விந்தியர்களின் நிலத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று எழுதியது. நிலம் போனது உலகத்துக்கே தெரியும். ஆனால் அதே சட்டம் ஓஹியோ ஆற்றுக்கு வடமேற்கே அடிமைமுறை கூடாது என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதியது. பிலடெல்பியாவில் மற்றவர்கள் சொல்லை விழுங்கிக்கொண்டிருந்த அதே கோடைக்காலம் அது. எழுத முடியாது என்பது பொய்.

இனி கிழிக்கிறவர்கள். அடிமை ஒழிப்பு வீரர் கேரிசன் 1854 ஜூலை 4 அன்று கூட்டத்தின் நடுவில் அரசியல் சாசனத்தின் பிரதியைக் கொளுத்தினார். கோபம் நியாயமானது. ஆனால் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் கொளுத்தவில்லை. முதலில் கேரிசன் பக்கம் இருந்தவர், பிறகு சாசனத்தை வரிவரியாகப் படித்துவிட்டு மாறினார். 'அடிமை' என்ற சொல் இதில் இல்லை; இல்லாத சொல்லை நாம் ஏன் வாசிக்க வேண்டும், இது சுதந்திரத்தின் சாசனம் என்று வாதாடினார். எஜமானர்கள் ஒளித்த சொல்லை அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். சாமர்த்தியம் அவருடையது, ஒளித்தவர்களுக்கு இதில் புண்ணியம் சேராது. ஏனென்றால் அதே மௌனத்தில் 1857-ல் தலைமை நீதிபதி டேனி தம் சொல்லை எழுதினார்: ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் இந்த நாட்டின் குடிமகனாகவே முடியாது என்று. நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். கோடிட்ட இடத்தை விட்டு வைத்தால் கையில் பேனா இருப்பவன் நிரப்பிக்கொள்வான்.

பிறகு உள்நாட்டுப் போர். ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1865 டிசம்பர் 6 அன்று பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. அடிமைமுறை என்ற சொல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் முதன்முதலாக இடம்பெற்றது அன்றுதான், அதுவும் அது இனி இல்லை என்று சொல்வதற்காக. 78 வருஷம் கழித்துப் போட்ட பிழைதிருத்தம்.

ஆகவே பேரப்பிள்ளைகளைப் பார்க்க வாஷிங்டன் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தத் தாள்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்துப் பெரிய எழுத்தில் 'மக்களாகிய நாம்' என்று இருப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் அதோடு நிற்காமல் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, முதல் ஷரத்தின் இரண்டாம் பிரிவையும் தேடிப் பாருங்கள். 'இதர நபர்கள்' அங்கேதான் இருக்கிறார்கள்.