இரண்டு வருஷம் பொறுத்துக்கோ

மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிற எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். நாலு பேருக்கு அமெரிக்காவில் யாராவது இருக்கிறார்கள். மூன்றாவது சுற்றுக்குள் பேச்சு கிரீன் கார்டுக்கு வந்துவிடும். போன வாரம் ஒரு நண்பர் மட்டும் வாயே திறக்காமல் நடந்தார். மற்றவர்கள் காபிக்குப் போனதும் படித்துறையில் உட்கார்ந்து சொன்னார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) நியூ ஜெர்சியில் இருக்கிற மகளிடம், சண்டை வரும்போதெல்லாம் மாப்பிள்ளை சொல்வது ஒன்றுதானாம்: "நான் கையெழுத்துப் போடலைன்னா நீ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்." ஒரு தடவை கையும் நீண்டிருக்கிறது.

"கார்டு மாற இன்னும் எட்டு மாசம்தான் சார். அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு அவ அம்மா சொல்லிட்டா. நானும் அதையேதான் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைக் கோபிக்க எனக்கு யோக்யதை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

"மாப்பிள்ளை சிட்டிசன்" என்று பத்திரிகை வைக்கும்போதே பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கப் போவது எந்தக் கார்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் அவள் அங்கே போய் இறங்கினால், கிடைப்பது நிபந்தனையோடு கூடிய கிரீன் கார்டு. ஆயுள் இரண்டே வருஷம். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 என்ற மனுவைப் புருஷன், பெண்டாட்டி இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கல்யாணம் நிஜம்தான் என்பதற்கு ஆதாரங்களும் வைக்க வேண்டும். மனு தேறினால் நிபந்தனை நீங்கி, பத்து வருஷக் கார்டு வரும். மனுவே போடாமல் விட்டால் அந்த அந்தஸ்து போய்விடும்.

கார்டுக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறவர்களைத் தடுக்க 1986-இல் கொண்டு வந்த சட்டம் இது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நடைமுறையில் என்ன செய்தது? அரசாங்க வேலையில் சேர்ந்தவனுக்கும் தகுதிகாண் பருவம் உண்டு, நானும் கடந்து வந்தேன். எனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மேலதிகாரி. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மேல் அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறான். குழம்பில் உப்பு கூடினாலும் அவனுக்கு அந்தப் பேனா ஞாபகம் வரும்.

இது புரியாமல் அமெரிக்காக்காரர்கள் இருந்துவிடவில்லை. 1990-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். புருஷன் அடித்தாலோ, கடுமையாகக் கொடுமைப்படுத்தினாலோ, அவன் கையெழுத்தே இல்லாமல் அவள் தனியாக அதே ஐ-751 மனுவைப் போடலாம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இந்த வகையில் கிடையாது. கொடுமை என்றால் அடி மட்டுமல்ல, மனதை நொறுக்குவதும் சேர்த்திதான். விவாகரத்து ஆகிவிட்டால் அந்தக் காரணத்தை வைத்தும் தனியாகப் போடலாம். எதுவானாலும், நல்ல எண்ணத்தோடு செய்த கல்யாணம்தான் என்று அவள் காட்ட வேண்டும். தனி மனுவுக்கு அந்த 90 நாள் காத்திருப்பும் இல்லை. கார்டை ரத்து செய்கிற அதிகாரம் எந்தப் புருஷனுக்கும் இல்லை. அதிகாரிகள் மனுவை மறுத்தாலும் நீதிபதி முன் வாதாட வழி உண்டு.

ஆக, இன்றைக்கும் "இரண்டு வருஷம் பொறுத்துக்கோ" என்று சொல்வது அமெரிக்கச் சட்டம் இல்லை. கும்பகோணத்திலும் திருச்சியிலும் உட்கார்ந்துகொண்டு நாம் போடுகிற நிபந்தனை. கல்யாணத்துக்கு ஆன செலவு, ஊர் என்ன சொல்லும், தங்கைக்கு வரன் வருமா என்பதையெல்லாம் கார்டு மேல் ஏற்றி வைத்துப் பேசுகிறோம். "கார்டு போயிடும்" என்பது நமக்கு வசதியான சாக்கு. அவன் மிரட்டுகிற அதே வார்த்தையைத்தான் நாமும் பாசத்தோடு சொல்கிறோம். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டு.

எனக்கு ஏன் யோக்யதை இல்லை என்றால், ஆறு வருஷத்துக்கு முன் என் தம்பி மகளிடம் இதையே சொன்னவன் நான். அவள் போனில் அழுதாள். பெரியப்பாவுக்கு விஷயம் தெரியும், ஆபீஸ் கோப்பெல்லாம் பார்த்தவர் என்ற நம்பிக்கை. ஒரு நிமிஷம்கூட எதையும் விசாரிக்காமல், "கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவளும் இருந்தாள். அவன் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்த பிறகும் இருந்தாள். தனியாக மனுப் போடலாம் என்று கடைசியில் சொன்னது அவள் வேலை பார்த்த கடையில் கூட இருந்த ஒரு குஜராத்திப் பெண்.

அப்புறமும் சுலபமாக இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், பாங்க் கணக்கு, கரண்ட் பில், எதிலும் அவள் பெயர் இல்லை. எல்லாம் அவன் பெயரில். "ஆம்பிளை பார்த்துப்பான்" என்று வளர்த்த லட்சணம். நாங்கள் இங்கிருந்து அனுப்பிய கல்யாண ஆல்பம் தடிமனாக இருந்தது. தாலி கட்டியதைத்தான் அது காட்டும், சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டாது. டாக்டர் சீட்டு, போலீஸ் அறிக்கை, பக்கத்து வீட்டு அம்மாள் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த கடிதம், இரண்டு பேரும் சேர்ந்து தாக்கல் செய்த ஒரு வருஷ வருமான வரிக் கணக்கு, இவ்வளவையும் சேர்த்துப் போட்டாள். ரொம்ப நாள் இழுத்து, பத்து வருஷக் கார்டு வந்தது. ஊருக்கு வந்தபோது என்னிடம் கோபமாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் பெரியப்பா அந்த எட்டு மாசம் இருந்தேன்" என்றாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

இதையெல்லாம் படித்துறையிலேயே நண்பரிடம் சொன்னேன். தெற்காசியப் பெண்களுக்கு உதவ நியூ ஜெர்சியில் 1985-லிருந்து 'மானவி' என்ற அமைப்பு இருப்பதையும், நியூயார்க்கில் 'சகி' இருப்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மனுவை அங்கேயுள்ள குடிவரவு வக்கீல்தான் பார்க்க வேண்டும், நம் ஊர் ஏஜெண்டோ நானோ அல்ல என்றும் சொன்னேன். மனுப் போட்டதும் வருகிற ரசீதுக் கடிதம் இப்போது கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டிக்கிறது. அதை வைத்து வேலை பார்க்கலாம் என்றபோதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

நேற்றுக் காலை அவர் எங்களோடு சேர்ந்து நடக்கவில்லை. பத்தடி பின்னால் போனில் பேசிக்கொண்டே வந்தார். மகள் கடைக்குப் போகிற வழியில் பேசுகிறாளாம். வடகரை திரும்பும்போது காதில் விழுந்தது: "பாங்க் கணக்குல உன் பேர் இருக்காம்மா? சரி, இல்லைன்னா பரவாயில்லை. டாக்டர்கிட்ட போனியே, அந்தச் சீட்டு எங்கே இருக்கு?"