மழை நாளில் ஓர் ஆற்றுப்படை

ஆற்றுப்படை நூல்களை நடத்தத் தொடங்கும்போது மாணவர் முகங்களில் ஒரு களைப்பு படிவதை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்கிறான்; ஒரு வாக்கியத்தில் முடிகிற இச்செய்திக்கு ஏன் இத்தனை அடிகள் என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டார். அன்று நான் சொன்னது பாடநூல் பதில். உண்மையான பதில் எனக்குக் கிடைத்தது சென்ற கார்த்திகையில்தான். மதுராந்தகத்துக்கு அப்பால், கொட்டும் மழையில், அதே மாணவரின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தபோது.

அவர் இப்போது சென்னையில் மென்பொருள் துறையில் இருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மோட்டார் சைக்கிள் குழுவோடு காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்புகிறார். இத்தகைய குழுக்களைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெட்ரோலுக்குப் பிடித்த கேடு, காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்போம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் புல்லட் இந்த மண்ணுக்கு அந்நியமான பொருளன்று. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து வண்டிகள் வந்தன. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 2013இல் ஒரகடத்திலும் ஆலை திறந்தார்கள். இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அது கிராமச் சாலைகளில் போனதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அதை இன்று ஆடம்பரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை.

பதினான்கு வண்டிகள். காலை ஆறு மணிக்குப் பெருங்களத்தூரில் கூடினோம். பாலாற்றுப் பாலத்தைத் தொடும்போது மழை பிடித்துக்கொண்டது. திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் அனுபவம் மிக்க ஒருவர். கடைசி வண்டியைத் தாண்டிப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது என்பது விதி. மழை வந்ததும் வண்டிகளுக்கிடையே இடைவெளி தானாகவே இருமடங்கானது. முதல் பத்து நிமிட மழைதான் ஆபத்தாம். சாலையில் படிந்திருக்கும் எண்ணெய் அப்போதுதான் மேலே மிதக்கும். வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறக் கூடாது, தேங்கிய நீருக்குள் பள்ளம் இருப்பதாகவே எண்ண வேண்டும், பிரேக்கைச் சடக்கென்று பிடிக்கக் கூடாது. “ஐயா, வளைவுல என்னோடயே சாஞ்சுக்குங்க, பயத்துல எதிர்ப்பக்கம் சாஞ்சிடாதீங்க” என்றார் மாணவர். வகுப்பில் நான் சொன்னதை அவர் கேட்டதைவிட, அன்று அவர் சொன்னதை நான் ஒழுங்காகக் கேட்டேன்.

படாளம் கூட்டுரோட்டில் திரும்பி வேடந்தாங்கல் போனோம். அங்கேதான் எனக்கு மனவருத்தம் உண்டாயிற்று. ஊருக்குச் சற்று முன்னரே வண்டிகளை நிறுத்தி நடந்து போகலாம் என்று முன்னால் சென்றவர் கைகாட்டினார். பெரும்பாலோர் நிறுத்தினர். சைலன்சரை மாற்றிப் பொருத்தியிருந்த மூவர் மட்டும் முழங்கிக்கொண்டு ஏரிக்கரை வரை போனார்கள். கூட்டமாக நாரைகள் எழுந்து, மழையிலேயே சுற்றிவிட்டு மறுபடி அமர்ந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, இவ்வூர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டுத் தடை வாங்கினார்கள் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் காத்த ஏரியும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. துப்பாக்கிக்கு எதிராக அந்தக் கிராமத்தார் மனுக் கொடுத்த இடத்தில், படித்த பிள்ளைகளுக்குச் சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலைக் கடந்தபோது கதையை மாணவருக்கு நினைவூட்டினேன். கலெக்டர் லயனல் பிளேஸ், ஒரு பெருமழை இரவில் கரை உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பார்க்கப் போக, மின்னல் வெளிச்சத்தில் வில்லேந்திய இரு இளைஞர் கரையில் காவல் நின்றதைக் கண்டாராம். தாயார் சன்னதியை அவர் கட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். மழைக்கு நடுவே ஏரிக்கரையைப் பார்க்கிறவனுக்குத்தான் அந்தக் கதையின் அச்சம் புரியும்.

செய்யூர்ச் சாலையில் மழை இன்னும் வலுத்தது. ஹெல்மெட் கண்ணாடி வழியாக எதுவும் தெரியவில்லை, பூட்சுக்குள் தண்ணீர். சாலையோரத்து ஓட்டு வீடு ஒன்றின் முன் ஐந்தாறு வண்டிகள் நின்றன. மற்றவர்கள் எதிரேயிருந்த பயணியர் நிழற்குடையில் ஒதுங்கினார்கள். “உள்ள வாங்க கண்ணுங்களா, ஏன் நனையுறீங்க” என்று ஒரு பாட்டி கதவைத் திறந்தார். திண்ணையில் கிடந்த விறகைத் தள்ளி இடம் பண்ணினார். வரக்காப்பி வந்தது. பின்னாலேயே ஒரு முறம் நிறைய அவித்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். பணம் நீட்டிய பையனை அவர் பார்த்த பார்வையில் பையன் பர்ஸை மடித்து வைத்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் இருந்தோம். வெயில் நாளாக இருந்தால் அந்த வீட்டை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருப்போம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்தது இடைக்கழிநாட்டுக்கு. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த நாட்டின் பெயர் இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பேரூராட்சியின் பெயராக இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அதை அடிக்குறிப்பாக மட்டுமே சொல்லிவந்திருக்கிறேன், பேருந்தேறிக்கூடப் போனதில்லை. 269 அடிகள் கொண்ட அந்நூலில் நல்லியக்கோடனிடம் போகிற வழி, உணவால் அடையாளம் சொல்லப்படுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டுக் கள்ளும் சுட்ட குழல் மீனும். வேலூரில் எயினப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். இதை வருணனை என்று கற்பித்துவந்தேன். நனைந்து நடுங்குகிறவனுக்கு அது வருணனையன்று, தகவல். எந்த ஊரில் யார் கதவு திறக்கும் என்று தெரியாமல் ஒரு பாணன் குடும்பத்தோடு எப்படிக் கிளம்புவான்? அத்தனை அடிகளும் அதற்குத்தான்.

மாலையில் கடப்பாக்கம் போய், 1760இல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டையைச் சேற்றில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஒரு வாரம் கழித்து மாணவர் தாம் எழுதிய பயணக் குறிப்பை அனுப்பினார். அடுத்து அந்த வழியில் போகிறவர்களுக்காகக் குழுவினர் எழுதிவைக்கும் வழக்கமாம். மொத்தத் தூரம், லிட்டருக்கு எவ்வளவு கிடைத்தது, எந்த டயர் ஈரத்தில் பிடித்தது, யாருடைய ரெயின்கோட் ஒழுகியது, எல்லாம் இருந்தன. பாட்டி இல்லை. கேட்டேன். “அடுத்து வர்றவங்களுக்கு அது எதுக்குங்க ஐயா?” என்றார். பிறகு அவரே வேறொரு நியாயமும் சொன்னார்: “எழுதினா அடுத்த மாசம் ஐம்பது வண்டி அவங்க வாசல்ல போய் நிக்கும். பாவம், அவங்க என்ன செய்வாங்க?”

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. நல்லியக்கோடன் அரசன், தாங்குவான். முறத்தில் மல்லாட்டை வைத்திருப்பவரால் இயலாது. இரண்டு நாள் யோசித்தபின் நூலையே மறுபடி எடுத்துப் பார்த்தேன். நத்தத்தனார் வழியில் சோறு போட்ட எவருடைய பெயரையும் சொல்லவில்லை. இன்ன ஊர்ப் பெண்கள், இன்ன தொழில் செய்வோர் என்பதோடு சரி. பெயர் கொடையாளிக்கு மட்டும். வாசலைக் காட்டிக்கொடுக்காமல் வழியைச் சொல்லும் முறை அந்நூலிலேயே இருக்கிறது. (பாட்டியின் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அதில் எனக்குப் பெருமை இல்லை.)

இதை மாணவருக்கு எழுதினேன். குறிப்பில் ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறார்: மதுராந்தகத்திலிருந்து செய்யூர் போகையில் மழை வலுத்தால் தயங்காமல் ஒதுங்கலாம், இப்பக்கத்து மக்கள் உள்ளே கூப்பிடுவார்கள், பணம் நீட்ட வேண்டாம். வேடந்தாங்கலில் எங்கே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பதற்கும் ஒரு வரி கேட்டிருக்கிறேன். குழுவில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.