டீ செலவு என்றால் லஞ்சம் இல்லையா?



லஞ்சத்துக்கு நம்ம ஊரில் எத்தனை செல்லப் பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். டீ செலவு, மாமூல், அன்பளிப்பு, கவனிப்பு! பெயரை மாத்தினா தப்பு சரியாயிடுமா?

என் சித்தி வீட்டு வரியில் பெயர் மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனார். "நாளைக்கு வாங்க", "ஆள் இல்ல", "ஒரு பேப்பர் குறையுது" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை 500 ரூபாய் கொடுத்தார். அன்றைக்கே வேலை முடிஞ்சுது! "500 ரூபாதானே, விடு" என்றார்கள் பக்கத்து வீட்டில். ஆனால் சித்தி நடவு வேலைக்குப் போகிறவர். அலைந்த மூன்று நாள் கூலி ஏற்கெனவே போச்சு. இன்னும் அலைவதைவிடக் கொடுத்துவிடுவதே லாபம் என்று ஏழையை நினைக்க வைப்பதுதான் இதில் உள்ள தந்திரம். அதனால் நான் சித்தியைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர் மேல் குற்றம் இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கையில் வாங்கும் லஞ்சம் கண்ணுக்குத் தெரியும். கணக்கில் ஒளியும் ஊழல்? போடாத ரோட்டுக்கும் தூர்வாராத குளத்துக்கும் பில் எழுதினால் யார் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஊர்க்காரர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டம் நடக்கிறது. நாமோ லீவு என்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். பல ஊர்களில் கையெழுத்து நோட்டு வீடு தேடி வருகிறது. என்ன எழுதியிருக்கு என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்!

கணக்கைச் சத்தமாகப் படித்தாலே என்ன நடக்கும் என்று ராஜஸ்தானில் காட்டினார்கள். 1994-ல் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு மக்களைக் கூட்டி, அரசு வேலைகளின் கணக்கை வாசித்தது. அதுபோன்ற கூட்டங்களில் வேலையே செய்யாதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எழுந்து கேள்வி கேட்டார்கள். அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடைத்தது. இன்று 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

நமக்கு இன்னும் ஓட்டு இல்லை. ஆனால் அம்மா அப்பாவுக்கு இருக்கிறதே! அடுத்த கிராம சபைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போவோம். "எங்க தெரு ரோட்டுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வோம். பதிலை நம் நோட்டில் எழுதிக்கொள்வோம். "நமக்கெதுக்கு வம்பு" என்று எல்லோரும் ஒதுங்குவதுதான் ஊழலுக்குப் பெரிய தைரியம்.

கேட்பது வம்பு அல்ல, உரிமை!