விலகிப் போனது பிள்ளைகளா?

"நம்ம பிள்ளைங்க கோயிலுக்கே வர்றதில்ல, கர்த்தரை விட்டுப் போயிட்டாங்க." மூணாற்றிலும் தேவிகுளத்திலும் ஆராதனை முடிந்து படியில் நின்று பேசும்போது இந்தப் பேச்சு வராத ஞாயிறு இல்லை. வண்டிப்பெரியாற்றிலும் இதே புலம்பல்தான். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் "பூசைக்கு வர்றதில்ல" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புலம்பி முடித்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மிரட்டுகிறோம். ஆண்டவர் பார்த்துக்கிட்டே இருக்கார், பரீட்சையில கவுத்துருவார், கையைக் காலை முறிச்சுருவார் என்கிறோம். தாய்மாரே, தகப்பன்மாரே, இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் இதற்கெல்லாம் பயப்படுவதில்லை என்பது இருக்கட்டும். நம் வேதம் இப்படிச் சொல்லவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு நம் மூணாற்றுப் பக்கம் பெட்டிமுடியில் மலை இடிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். கயத்தாற்றிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல, ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். குழந்தைகளும் அதில் உண்டு. கரண்டும் போன் டவரும் செத்துக் கிடந்ததால் வெளியே சேதி தெரியவே விடிந்துவிட்டது. அப்படிப்பட்ட சாவைக்கூட தேவகோபம், பாவத்தின் சம்பளம் என்று பேசுகிற வாய் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகள் காதில் விழும்படியே பேசுகிறோம். லூக்கா 13-ஐ அவர்கள் எடுத்துக் காட்டினால் என்ன பதில் சொல்வோம்? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்கிறார். ஆனால் எச்சரிக்கையை அவர் கைவிடவில்லை. செத்தவர்களைப் பற்றிப் பேச்சை நிறுத்தி, கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். பெட்டிமுடியைப் பற்றி வாய் திறக்கிறவர்கள், கேட்டுக்கொண்டு நின்ற அவர்களுடைய இடத்தில் நிற்கட்டும்.

அப்படியானால் தேவனை விட்டு விலகினால் ஒன்றும் ஆகாதா? ஆகும். நாம் பயமுறுத்துகிற விதத்தில் ஆகாது. கெட்ட குமாரன் சொத்தைப் பிரித்துக் கேட்டபோது தகப்பன் பிரித்துக் கொடுத்தான். கதவைப் பூட்டவில்லை, ஆள் விட்டு அடிக்கவில்லை. போக விட்டான். பன்றிக்குப் போடுகிற தவிட்டுக்கு ஏங்கிய பசிதான் அவனுக்கு வந்த தண்டனை. ரோமர் முதல் அதிகாரத்திலும் பவுல் அதையே மூன்று முறை சொல்கிறார். தேவனை வேண்டாம் என்றவர்களை அவர்கள் இஷ்டத்துக்கே தேவன் விட்டுவிட்டார். இடி மின்னலைவிடப் பயங்கரம் இது. கடைசி நியாயத்தீர்ப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மத்தேயு 25-இல் அந்த நாளைப் பற்றி வாசித்துப் பாருங்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, வியாதிக்காரனைப் போய்ப் பார்த்தாயா என்பதே அங்கே பேச்சு.

விலகுதலின் விளைவைப் பற்றிப் பெற்றோருக்கென்றே எழுதியதைப் போல ஒரு பகுதி நியாயாதிபதிகள் 2-இல் இருக்கிறது. யோசுவாவும் அவன் காலத்தாரும் செத்துப்போன பிறகு, கர்த்தரையும் அவர் செய்த காரியங்களையும் அறியாத வேறொரு தலைமுறை எழும்பியது. அந்தப் பிள்ளைகள் பொல்லாதவர்களாகப் பிறந்தார்கள் என்று அங்கே இல்லை. அறியாதவர்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

நமக்குச் சொல்லித் தந்தார்கள். மூணாறு கிறிஸ்து ஆலயம் 1911-இல் திறந்தபோது அது வெள்ளைக்காரத் துரைமாருடைய கோயில். இன்று அங்கே தமிழில் ஆராதனை நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி பின்னால் மலையேறி வந்த பாட்டன் பாட்டிகளில் பலர் விசுவாசத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். குளிரிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, லயத்தின் ஒற்றை அறையில் விளக்கேற்றி ஜெபம் செய்தார்கள். பாலக்காட்டிலும் நமக்குக் குறை வைக்கவில்லை. 2013 டிசம்பர் 28-இல் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து, அங்குள்ள இலத்தீன் முறைக் கத்தோலிக்கருக்காகச் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தைத் தந்தார்கள். எல்லாம் கிடைத்தது. நாம் நம் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்?

ஞாயிறு காலை டியூஷன் கொடுத்தோம். ஓய்வுநாள் பள்ளி நேரத்தில்தான் சார் வருகிறார், என்ன செய்வது என்று கேட்கிறோம். ஏலி ஆசாரியன், கோயிலிலேயே இருந்தவன். அவன்மேல் வந்த குற்றம் இரண்டு: மகன்களைக் கர்த்தரைவிட மேலாக மதித்தான், அவர்கள் கெட்டது தெரிந்தும் அடக்கவில்லை. பிள்ளை டாக்டராக வேண்டும் என்பதில் தப்பில்லை. வேதத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் திடப்படுத்தலுக்கு நிற்கிறதே, அதில் யாருக்கும் வெட்கமில்லை. தமிழ் வரவில்லையென்றால் மலையாளத்தில் வாசிக்கட்டும், இங்கிலீஷில் வாசிக்கட்டும். வாசிக்கிறதா என்பதே கேள்வி.

அப்புறம் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்துவிட்டதால் குமுளிக்கும் வேலந்தாவளத்துக்கும் அங்கிருந்து ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள். நமக்கு அந்த அலைச்சலும் இல்லை. பிள்ளையின் பிறந்த தேதியில் முடிகிற சீட்டாகத் தேடி வாங்கி, வேதப் புத்தகத்துக்குள் வைத்து, மூன்று மணிக் குலுக்கலுக்கு ஜெபம் பண்ணுகிறோம்! சித்தூர்க் கள்ளையும் பிவரேஜ் வரிசையையும் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து அப்பா எந்த நிலையில் வீடு சேர்ந்தார் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் உறுத்துவது ஜாதி. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கிறோம். அதே சபையிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தால், அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று திருநெல்வேலி வரைக்கும் விசாரிக்கிறோம். மலையேறி நான்கு தலைமுறை ஆன பிறகும். இதைப் பார்த்துவிட்டு ஒரு வாலிபன் கோயிலுக்கு வராமல் நின்றால், தேவனை விட்டு விலகியவர் அவனா, நாமா? ஆமோஸ் தீர்க்கதரிசி காலத்து ஜனங்கள் பலி செலுத்துவதிலும் பாட்டுப் பாடுவதிலும் குறை வைக்கவில்லை. ஏழையை மிதித்தார்கள். விலகுதல் என்று தீர்க்கதரிசிகள் சொன்னது அதை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவால், கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம், சர்டிபிகேட்டில் ஒரு மதம் என்று வாழ்கிற குடும்பங்கள் எஸ்டேட்டுகளில் இருக்கின்றன. அவர்களை விசுவாசத் துரோகிகள் என்று பழிக்கிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். அந்தக் கோணல் சட்டத்தில் இருக்கிறது.

"காலையில் எட்டு மணிக்கு மலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறோம், நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு நம் பெண்கள் மூணாறு சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். அடுப்பு, பிள்ளை, வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்து உட்கார்ந்தார்கள், 20 சதவீதம் வாங்கினார்கள். யாக்கோபு நிருபம் வாசித்தவர்கள் அதைக் குறை சொல்ல முடியாது. கூலியை நிறுத்தி வைத்தவனுக்கு விரோதமாக அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறது அது. வேண்டும் என்று தோன்றியதற்கு நமக்கு நேரம் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உபாகமம் 6 பிள்ளைகளுக்குப் போதிக்க மேடை கேட்கவில்லை. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்கிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பத்து நிமிஷம் டிவியை நிறுத்துங்கள். ஒரு அதிகாரத்தைப் பிள்ளையே வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். கோணலாகக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் ஐயரிடமோ சாமியாரிடமோ கூட்டிப் போங்கள். குடித்துவிட்டுக் கத்திய மறுநாள் காலையில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மனந்திரும்புதல் என்றால் என்னவென்று அது அன்றைக்குக் கற்றுக்கொள்ளும். டியூஷன் சாரிடம் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு பிள்ளையைத் தனியாக விரட்டாமல் நீங்களும் கூட நடந்து போங்கள்.